மூன்றாம் தட்டு கண் திறந்த நேரம்

அன்று விடியலில் சூட்டு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். பண்ணை மேலாளர் கதவோர நாற்காலியில். சூட்டு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவன், எல்லோருக்கும் 'வெக்கை', தண்ணீர்த் தொட்டி விளிம்பில். இலைகளை அளப்பவள் நாற்றுகளுக்கு எதிரே முக்காலியில். இடம் மாறக் கூடாது. இலை எடுத்துக்கொள்ளும் கரியமில வாயுவை அளக்கும் கருவி ஒன்று இருந்தது; அது காற்றை உறிஞ்சும் குழாய்க்குப் பக்கத்தில் யார் மூச்சு விட்டாலும் அளவு கெட்டுவிடும்.

ஐம்பது ஆண்டு கழித்து வரப்போகும் வெயிலை அந்த அறைக்குள் இப்போதே மூட்டி வைத்திருந்தார்கள். அதில் மூன்று தட்டு ஓக் நாற்றுகள், மூன்று இடத்து விதை. ஒளியை உணவாக்குவதில் எது கெட்டி என்று பார்க்கத்தான். தினமும் டீ குடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு அளப்பார்கள். வறண்ட சரிவிலிருந்து வந்த மூன்றாம் தட்டு இரண்டு வாரமாகப் பூஜ்யத்தைவிட்டு அசையவில்லை.

இலை அளப்பவளுடைய அக்கா வனத்துறையில் இருந்தாள். எரிந்துபோன குன்றில் இரண்டு முறை நட்டு இரண்டும் கருகி, மூன்றாம் முறைக்கு எந்த விதை என்று தங்கையின் கடிதத்துக்குக் காத்திருந்தாள். "மூன்றாவதை ஒதுக்கிவிடு" என்று தங்கை எழுதி உறையில் போட்டாயிற்று, ஒட்டத்தான் பாக்கி.

பத்து மணிக்கு மின்விசிறியைக் கழற்ற வேண்டும் என்று வெக்கை சொன்னதால்தான் அன்று விடியலிலேயே அளக்க வந்தார்கள். வெயிலுக்குப் பதிலாக இருந்த விளக்குகள் மெல்ல வெளுத்தன. மூன்றாம் தட்டில் ஓர் இலையைக் கருவியின் கவ்வியில் பிடித்தாள். எண் ஏறியது. இரண்டு. ஐந்து. ஒன்பது. பதின்மூன்று.

"யாரும்மா மூச்சு விட்டது?" என்றார் மேலாளர்.

"நான் விடல சார்."

"என்னைப் பாக்காதீங்க. நான் அப்பவே நிறுத்திட்டேன்," என்றான் வெக்கை, துண்டால் வாயைப் பொத்தியபடி.

"நிறுத்தினவன் எப்படிப்பா பேசுற?"

வேறு இலை, வேறு நாற்று, அதே பதின்மூன்று. மற்ற இரண்டு தட்டும் ஏழைத் தாண்டவில்லை. கட்டைவிரல் அளவு இலை, சத்தமே இல்லாமல், வெளிச்சத்தை வாரி வாரித் தின்றது. மேலாளர் நாற்காலியைவிட்டு எழுந்தவர், இடம் மாறக் கூடாதென்பது நினைவு வந்து அங்கேயே நின்றார்.

சூடு ஏற ஏற எண் இறங்கியது. ஒன்பதரைக்குப் பூஜ்யம். மற்ற தட்டுகளில் இலைகள் மூச்சுத் துளைகளைத் திறந்தபடியே நின்று, தண்ணீரை இழந்து, ஓரம் சுருண்டன. துளைகளை மூடிக்கொண்ட மூன்றாவதில் ஒரு சுருக்கம் இல்லை.

"வேலைய முடிச்சுட்டுக் கதவச் சாத்திக்குது," என்றான் வெக்கை. "நாம டீ குடிச்சுட்டு வந்து, கடை மூடியிருக்குன்னு எழுதியிருக்கோம்."

இன்னும் வராத வெயிலுக்கு அந்தச் செடி முன்னமே வழி வைத்திருந்தது.

அவள் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். "அக்கா, நாங்கள் நேரம் தவறி அளந்திருக்கிறோம். இது ஒரே ஒரு காலையின் அளவு. நாளையும் மறுநாளும் விடியலிலிருந்து அளந்து எழுதுகிறேன். அதுவரை மூன்றாம் தட்டு விதையை ஒதுக்காதே. குன்றில் அதற்கும் இடம் வை."

உறையை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, தபால் வண்டிக்காரரிடம் கொடுத்தாள்.