தொட்டிக்குள் சொன்னது

எங்கள் சபையில் ஞானஸ்நானம் என்றால் சும்மா தண்ணீரில் முக்கி எடுப்பதில்லை. பிரசங்க மேடையின் பலகைகளை எடுத்தால் அடியில் சிமெண்ட் தொட்டி இருக்கும். இடுப்பளவு தண்ணீர். ஞானஸ்நானம் எடுக்கிறவர் நடுவில் நிற்பார். போதகர் ஒரு பக்கம், மூப்பர் ஒருவர் மறுபக்கம். முங்குவதற்கு முன்னால், எந்தப் பாவம் நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடக்கிறதோ அதை அந்த இருவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். பிறகு போதகர் எல்லாருக்கும் கேட்கும்படி, "விட்டுட்டியா?" என்பார். "விட்டுட்டேன்" என்றதும் இருவரும் சேர்ந்து அமுக்கித் தூக்குவார்கள். தொட்டிக்குள் சொன்னது தொட்டியோடு சரி. வெளியே யாரும் மூச்சு விடக் கூடாது.

நம் ஆட்கள் எப்படி என்று எனக்குத் தெரியாதா? பாதிப் பேர் கோபம், பொறாமை என்று வலிக்காத ஒன்றைச் சொல்லிவிட்டு ஏறி வந்திருப்பார்கள். உடம்பால் செய்த பாவத்தை எவன் சொல்வான்? சரீரம் தேவன் தங்கும் வீடு, அதை அசுத்தப்படுத்தாதே என்று போதகர் சொல்வார். அதே மூச்சில், நாம் எல்லாரும் ஒரே சேற்றில் விழுந்தவர்கள், ஒரே கைதான் எல்லாரையும் தூக்கியது என்றும் சொல்வார். முதல் பாதிக்கு எல்லாரும் பலமாக ஆமென் போடுவோம். இரண்டாம் பாதிக்கு இருமல் வந்துவிடும். ஊரெல்லாம் வாய் கிழியக் கோள் சொன்னவளுக்கு முன் வரிசை, வழி தவறியவளுக்குக் கடைசி பெஞ்சு. எங்கள் தராசு அப்படி.

தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு வெள்ளை அங்கி தைப்பது என் வேலை. அங்கி குடை மாதிரி விரிந்து மானத்தை வாங்கிவிடக் கூடாது என்று விளிம்பில் ஈயத் துண்டுகளை வைத்து மடித்துத் தைப்பேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் என் வீட்டுக்காரரின் தங்கை. நாத்தனார் என்று பேருக்குத்தான், எனக்கு அவள்தான் சிநேகிதி. கல்யாணமாகாமலே அவள் வயிற்றில் பிள்ளை தங்கியது. யார் என்று எத்தனையோ கேட்டும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம் விஷத்தைக் குடித்துச் செத்துப்போனாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தையல் மெஷினில் ஊசி துணிக்குள் இறங்கியபடி நின்றிருந்தது.

என் வீட்டுக்காரர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். டயர் கழற்றும் இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்து வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். "எவன்னு தெரியுற அன்னிக்கு அவன் மண்டையைப் பிளந்துட்டு நானே போய் ஸ்டேஷன்ல உக்காந்துக்குவேன்" என்றார். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை அவர். மூப்பரான பிறகும் கம்பி அங்கேயேதான் இருந்தது. வீடு பெருக்கும்போது அதை நகர்த்திவிட்டுப் பெருக்குவேன், மறுபடி அதே இடத்தில் வைப்பேன்.

என் தம்பி கறிக்கடை வைத்திருக்கிறான். முழு ஆட்டை ஒரே கையால் தூக்கிக் கொக்கியில் மாட்டுவான். கோபம் மூக்குக்கு மேல். அவன் மனம் திரும்பி ஞானஸ்நானம் எடுத்தபோது அவனைப் பிடித்தது போதகரும் என் வீட்டுக்காரரும்தான். அன்று ஜனம் எல்லாம் கலைந்த பிறகும் என் வீட்டுக்காரர் தொட்டிக்குள்ளேயே நின்று தேம்பிக்கொண்டிருந்தார். மச்சினன் ரட்சிக்கப்பட்ட சந்தோஷம் என்று நான் பூரித்துப் போனேன். அவர் மாரடைப்பில் போன பிறகு மூப்பர் பதவி தம்பிக்கு வந்தது. அவன் கைபலத்துக்குத் தொட்டியில் இறங்குவதும் அவன் பொறுப்பானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் எடுக்க வந்தவன் ஃப்ரீசர் மெக்கானிக். தம்பி கடையின் குளிர் அறை பழுதானால் வருவான், வீட்டு ஃப்ரிட்ஜையும் பார்ப்பான். ஒல்லியான, அதிர்ந்து பேசாத பையன். ஒரு வருஷமாக சபைக்கு வந்துகொண்டிருந்தான். தங்கமான பிள்ளை என்று நானே சொல்லியிருக்கிறேன்.

நான் பின் அறையில் அங்கியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"அண்ணி, இன்னிக்கு அவரு தொட்டில இறங்க வேண்டாம். வேற மூப்பரைப் பிடிக்கச் சொல்லுங்க."

"ஏன்டி, உன் புருஷனுக்குக் கை என்ன முறிஞ்சா கிடக்கு?"

"தோள் வலின்னு சொன்னாரு."

"காலையில ரெண்டு ஆட்டைத் தூக்கி மாட்டினவனுக்குத் தோள் வலியா? போடி, போய் உக்காரு."

"அப்ப அந்த மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை பேசணும் அண்ணி. ஒரே ஒரு வார்த்தை."

எடுக்கப் போகிறவர்கள் விடிந்ததிலிருந்து தண்ணீரில் இறங்கும் வரை யாரோடும் பேசக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. அவளுக்கும் அது தெரியும். என்ன கிறுக்கு இவளுக்கு என்று நினைத்துக்கொண்டு அங்கியின் விளிம்பை அழுத்தித் தேய்த்தேன். அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். எப்போதும் முன் வரிசைக்காரி.

துண்டோடு தொட்டிப் படியில் நின்றேன். மெக்கானிக் இறங்கினான். முதலில் போதகர் காதில் சொன்னான். போதகரின் முகம் செத்துவிட்டது. "மூப்பரே, நீங்க மேல ஏறுங்க" என்றார் அவசரமாக. ஆனால் அந்த மடையன் அதற்குள் தம்பியின் காதுப் பக்கம் சாய்ந்துவிட்டான். அழுதுகொண்டே சொன்னான். மற்றவர்கள் மாதிரி கோபம், பொறாமை என்று ஒன்றைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அவன்தான் உண்மையாகவே மனம் திரும்பினவனாயிற்றே!

தம்பி அசையவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தான். போதகர் கேட்க வேண்டிய கேள்வியை அவனே கேட்டான்.

"விட்டுட்டியா?"

"விட்டுட்டேன்."

அமுக்கினான்.

தூக்கவில்லை. பாட்டுக்காரர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள். தண்ணீருக்கு மேல் இரண்டு பாதங்கள் உதைத்தன. நான் பார்த்துப் பார்த்துத் தைத்த ஈயம் அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. போதகர் தம்பியின் கையைப் பிடித்து இழுத்தார். தம்பி முழங்கையால் ஒரு இடி இடித்தான். அவர் மூக்கு உடைந்து ரத்தம் சட்டையெல்லாம் வழிந்தது. தம்பி மெக்கானிக்கின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து சிமெண்ட் படியில் மோதினான். மறுபடி மோதினான். தண்ணீர் நிறம் மாறியது. அப்போதுதான் பாட்டு நின்று கூச்சல் எழுந்தது.

நான் சேலையோடு குதித்தேன். அடித்தேன், பிராண்டினேன். மலையை அடிப்பது போலிருந்தது. கடைசியில் அவன் மணிக்கட்டில் பல் பதியக் கடித்தேன். பிடி விட்டது. போதகர் மெக்கானிக்கை வாரித் தூக்கினார். அவன் ரத்தமும் தண்ணீருமாக வாந்தி எடுத்தான். உயிர் இருந்தது.

தம்பி திரும்பிப் பார்த்தான். கடைசி பெஞ்சு காலி. படி ஏறினான். ஈரம் சொட்டச் சொட்ட ஜனத்துக்கு நடுவே நடந்து தெருவில் இறங்கினான். எனக்கு அப்போது எல்லாம் விளங்கிவிட்டது, யாரும் என் காதில் வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கடைப் பக்கம் திரும்பினான். எலும்பு வெட்டும் கத்தி கடையில்தான் இருந்தது.

நான் குறுக்குச் சந்து வழியாக அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் பெண்டாட்டியை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று பார்த்தேன். அவளோ ஓடாமல், சமையலறையில் பாத்திரத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுக்கும்போதே அவன் வந்துவிட்டான்.

கதவை உதைத்த உதையில் தாழ்ப்பாள் தெறித்தது. அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பாத்திரத் தொட்டியின் விளிம்பில் முகத்தை அடித்தான். பல் ஒன்று தரையில் விழுந்தது. கீழே தள்ளி வயிற்றில் மிதித்தான். கத்தியை ஓங்கினான். நான் நடுவே பாய்ந்தேன். என் முன்கையில் தோல் பிளந்து ரத்தம் கொட்டியது.

"தள்ளிப் போ அக்கா. இவளை முடிச்சிட்டு வந்து உனக்குக் கட்டுப் போடுறேன்."

"என்னை வெட்டிட்டு அவளை வெட்டுடா!"

"விடுங்க அண்ணி" என்றாள் அவள் உடைந்த வாயால். "தப்பு என்னோடது. அவரு வெட்டட்டும்."

"நீ வாயை மூடுடி! வெட்டச் சொல்லி விருந்தா வைக்கிறே?"

எனக்கு அவள் மேலும் ஆத்திரம்தான். என் தம்பிக்குத் துரோகம் செய்தவள். நாலு அறை நானே கொடுத்திருப்பேன். ஆனால் வெட்டுவது வேறு. அவள் போய்விடுவாள், இவன் கொலைகாரனாகி உள்ளே போவான், எனக்கென்று இருக்கிற ஒரே ரத்த சொந்தமும் அத்தோடு முடிந்தது. அவனை மறித்துக்கொண்டு நின்றேன். அவன் இடது கையால் என் கழுத்தைப் பிடித்து ஒதுக்கினான்.

அந்த நேரம் போதகர் உள்ளே வந்தார். முகமெல்லாம் ரத்தம், ஈர உடை, மேல்மூச்சு கீழ்மூச்சு. கிட்டே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"உன்னை அன்னிக்குத் தொட்டியில இருந்து தூக்கினது யாரு?"

"வெளியே போங்க ஐயா."

"யாரு தூக்கினா? அதை மட்டும் சொல்லு."

தம்பியின் கை என் கழுத்தில் தளர்ந்தது. "மாமா" என்றான். என் வீட்டுக்காரரை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"நீ என்ன சொன்னதுக்கு அப்புறம் தூக்கினாரு?"

தம்பி கத்தியின் பிடியை மாற்றிப் பிடித்தான்.

"அது நான் சொல்லக் கூடாதது. என் நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும்னா நீயே சொல்லு. சொல்லிட்டு அப்புறம் வெட்டு."

தம்பி என்னைப் பார்த்தான், பிறகு தரையில் கிடந்த அவளைப் பார்த்தான். அப்படியே சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான்.

"அந்த வயித்துப் பிள்ளை என்னோடதுக்கா. மாமா தங்கச்சி வயித்துல இருந்தது. கட்டிக்கிறேன்னு சொல்லித்தான் பழகினேன். பிள்ளைன்னதும் பயந்து, யாருன்னு நீ சொன்னா உன்னைத் தெரியவே தெரியாதுன்னு சொல்லிடுவேன்னேன். அவ சாகிற வரைக்கும் சொல்லல. நான்தான் தொட்டிக்குள்ள மாமா காதுல சொன்னேன். மாமா அமுக்கினாரு. ரொம்ப நேரம். செத்தேன்னுதான் நினைச்சேன். அப்புறம் தூக்கிட்டாரு. முகத்தைத் துடைச்சு விட்டாரு."

நான் என்ன செய்தேன் என்று கோர்வையாகச் சொல்லத் தெரியவில்லை. கத்தி என் கையில் இருந்தது. அவன் விட்டதா, நான் பிடுங்கியதா, தெரியாது. மெஷினில் இறங்கி நின்ற அந்த ஊசிதான் கண்ணுக்குள் வந்தது. இத்தனை வருஷம் இவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன். இவனுக்காக முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன். இப்போது அவன் தலையைக் குனிந்து பிடரியைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போடுக்கா" என்றான்.

போட்டேன். ஓங்கும்போது கூர்ப்பக்கம்தான் கீழே இருந்தது. இறக்கும்போது கை தானாகத் திருப்பிக்கொண்டது. கத்தியின் முதுகு அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது, அது எனக்கு இனிப்பாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று போட்டேன். மூன்றாவதுக்கு ஓங்கியபோது பின்னாலிருந்து யாரோ என் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள்.

அவள்தான். வெட்டுப்பட இருந்தவள். முகம் முகமாக இல்லை.

"போதும் அண்ணி. செத்துடுவாரு. போதும்."

தள்ளிவிடப் பார்த்தேன். விடவில்லை. அவள் வாயிலிருந்து வழிந்த ரத்தம் என் சேலையை நனைத்தது. என் கையிலிருந்து வழிந்தது அவள் கையில் இறங்கியது. அப்படியே மூன்று பேரும் தரையில் கிடந்தோம். போதகர்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்.

ஒருவரும் சாகவில்லை. தம்பியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. தொட்டியிலும் சமையலறையிலும் செய்ததை அவன் மறைக்காமல் ஒப்புக்கொண்டான். அவன் தோள் எப்படி முறிந்தது என்று அவர்கள் என்னைக் கேட்டபோது நானும் மறைக்கவில்லை. மெக்கானிக் கட்டுப் போட்ட தலையோடு போதகரிடம் ஒரே கேள்விதான் கேட்டானாம்: "நான் முங்கினது கணக்குல சேருமா ஐயா?" தம்பி பெண்டாட்டி என் வீட்டில்தான் இருக்கிறாள். எங்களுக்குள் ஒன்றும் தேனாக ஓடவில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழக்கு முடிந்து கத்தியைத் திருப்பிக் கொடுத்த அன்று அதை நேராகப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோனேன். எங்கள் கதவுக்குப் பின்னால் இருந்த கம்பி காணாமல் போன நாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தம்பி ஞானஸ்நானம் எடுத்த மறுநாள். எங்கே என்று கேட்டதற்கு, "துருப்பிடிச்சுடுச்சு, எடைக்குப் போட்டுட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகும் என் தம்பி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவர் அவனுக்குத் தண்ணீர் மொண்டு வைத்தார். எப்படி வைத்தார் மனுஷன்?

தம்பி சிறையிலிருந்து சொல்லி அனுப்புகிறான், பார்க்க வரச் சொல்லி. நான் இன்னும் போகவில்லை. விட்டுட்டியா என்று யாராவது கேட்டால் விட்டுட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரும்புக்கடைக்காரர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல இரும்பாச்சேம்மா. துருகூட இல்ல. இதைப் போயி ஏன் போடுறீங்க?"

கம்பியை எடைக்குப் போட்ட அன்று என் வீட்டுக்காரரிடமும் இதே கடைக்காரர் இப்படிக் கேட்டிருப்பார். நான் கத்தியைத் தராசில் வைத்தேன்.