சிப்புக்குச் சுற்றிய டேப்

குழாய் எங்கே கசியும் என்று பார்த்துப் பார்த்தே பழகிப்போன கண் அந்தப் பிளம்பருக்கு. யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் கழுவுதொட்டிக்கு அடியில் குனிந்து குழாய் மூட்டைத் தடவிப் பார்க்கிற ஆள். அப்பேர்ப்பட்டவரிடம் சைக்கிள் பந்தயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை ஒரு கவரைக் கொடுத்து, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் கட்டிவிடச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். யாரிடம் கொடுப்பாள், அவளுக்கு இருந்தது ஒரே அண்ணன்.

கவருக்குள் கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிப், இரண்டு பிளாஸ்டிக் கட்டு, படம் போட்ட ஒரு காகிதம். சாலையின் குறுக்கே ஒரு பாய் விரித்திருப்பார்கள். சைக்கிள் அதைத் தாண்டும்போதெல்லாம் சிப் தன் நம்பரைச் சொல்லும், கம்ப்யூட்டர் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். சிப் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஃபோர்க்கின் வலது காலில், சக்கர அச்சுக்கு ஒரு சாண் மேலே என்று படத்தில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் நாலு வரி. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும், கண்ணாடி உள்ளறையில் இருந்தது. பிளம்பர் எழுந்து போகவில்லை.

இடத்தில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கட்டைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்கறிப் பையைக்கூட இதால் கட்ட மாட்டார் மனிதர். மழை வேறு வரும் என்று சொல்லியிருந்தார்கள். தன் சாமான் பைக்குள் கையை விட்டார். வெந்நீர்க் குழாய்க்குச் சுற்றும் வெள்ளி நிற அலுமினிய டேப்பை எடுத்துச் சிப்பின் மேல் மூன்று சுற்று. அதற்கு மேல் ஒரு ஸ்டீல் கிளிப், திருகு இனிமேல் திரும்பாது என்கிற மட்டும் இறுக்கம். சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டார். உலோகத்தால் மூடினால் சிப் ஊமையாகிவிடும் என்பது அந்தப் பொடி எழுத்தில் இரண்டாவது வரி.

காலையில் தங்கை பார்த்தாள். "என்னண்ணா இது, குழாய் மாதிரி இருக்கு?" என்றாள். மழைக்கு என்றார். நீ செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டு சுற்று, சுற்றுக்கு ஐந்து கிலோமீட்டர். முதலில் வரும் ஆறு பேருக்கு மாநில அணியில் இடம், மாதச் சம்பளம். இருபத்துமூன்று வயது வரைக்கும்தான் எடுப்பார்கள், அவளுக்கு அடுத்த மாதம் இருபத்துநாலு பிறக்கிறது. ஐந்து வருஷமாக விடிவதற்கு முன் எழுந்து அறுபது கிலோமீட்டர் மிதித்துவிட்டு, அதே காலோடு துணிக்கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவள். போன வருஷம் ஏழாவது. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான், அப்புறம் ஆயுசு முழுக்கத் துணி மடிக்க வேண்டியதுதான்.

முதல் சுற்று முடிந்து கும்பல் சர்ரென்று பாயைத் தாண்டியது. தங்கை மூன்றாவதாகப் போனாள். பிளம்பர் நேரம் குறிக்கிறவர்களின் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த பெரிய திரையை அண்ணாந்து பார்த்தார். நம்பர்கள் விறுவிறுவென்று ஏறின. தங்கையின் நம்பர் முப்பத்தொன்றைக் காணோம். மெதுவாக வரும் என்று நினைத்துக்கொண்டார். இரண்டாவது சுற்றில் அவள் இரண்டாவதாகப் போனாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பெண்ணின் நம்பர்கூடத் திரையில் ஏறிவிட்டது. முப்பத்தொன்று மட்டும் இல்லை.

சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். இப்போது கண்ணாடி கையிலேயே இருந்தது, என்ன பிரயோஜனம். சிப்பின் மேல் உலோகம் எதையும் சுற்றக் கூடாது, சுற்றினால் நேரம் பதிவாகாது. நாலு தடவை படித்தார். நேரம் பதிவாகாது என்றால் அவள் ஓட்டியது கணக்கில் இல்லை, கணக்கில் இல்லை என்றால் பந்தயத்திலேயே இல்லை என்று அவர் மனசு விடுவிடுவென்று முடிவு கட்டிவிட்டது. பதினாலு வயசு மூத்தவர். அவளுக்கு இரண்டு சக்கரத்தில் உட்காரச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். கால் நிலை கொள்ளாமல் கூடாரத்துக்குள் போனார்.

கம்ப்யூட்டர்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே விசாரித்தார்.

"முப்பத்தொண்ணா? ஆமா, படிக்கல. படத்துல இருக்கற இடத்துலதான் கட்டினீங்களா?"

"அதே இடம் சார்."

"மேல எதையாவது சுத்தினீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சுற்றியிருக்கிறான், அந்தப் பெண்ணைப் பந்தயத்திலிருந்து தூக்கு என்று சொல்லிவிட்டால்? பக்கத்தில் மற்றப் பெண்களின் பயிற்சியாளர்கள் இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இல்ல சார்" என்றார் பிளம்பர்.

அப்படியானால் கொஞ்சம் இருங்கள் என்று கம்ப்யூட்டர்காரர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார். பிளம்பர், பாவி மனுஷன், அரை நிமிஷம் நின்றிருக்கக் கூடாதா. திருட்டு முழி முழித்துக்கொண்டு அங்கே நிற்க அவரால் முடியவில்லை, நழுவிவிட்டார்.

பாய்க்கு ஐம்பது அடி முன்னால் பழுது பார்க்கும் இடம் என்று கயிறு கட்டிவிட்டிருந்தார்கள். சைக்கிள் கெட்டுப்போனால் அங்கே இறங்கிச் சரிசெய்துகொள்ளலாம், நேரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். திருப்புளியைக் கையில் பிடித்தபடி அங்கே போய் நின்றார். மூன்றாவது சுற்று வந்தது. நிறுத்தலாம் என்று கை தூக்கினார். முன்னால் போகிற பத்துப் பேர் ஒருவர் முதுகை ஒருவர் ஒட்டிக்கொண்டு எதிர்காற்றைப் பங்கு போட்டுக்கொண்டு பறந்தார்கள். அதிலிருந்து ஒருத்தி கழன்றால் மறுபடி ஒட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை, அது அவருக்கும் தெரியும். கை தானாக இறங்கியது. நாலாவது சுற்றிலும் அதே கதை. நிறுத்தினால் கும்பலை விடுவாள், நிறுத்தாவிட்டால் பந்தயமே போகும். ஐந்தாவது சுற்றும் போனது. கடவுளே, அவ கால் உடைஞ்சாக்கூட நான் கட்டுப் போடுவேன், இதுக்கு நான் என்ன செய்வேன் என்று வாய்விட்டே புலம்பினார். பக்கத்திலிருந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

ஆறாவது சுற்றில் இரண்டு கையையும் ஆட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நல்லாத்தானே போகுது, எதுக்கு என்று அதற்கு அர்த்தம்.

ஏழாவது சுற்றில் கயிற்றைத் தாண்டி உடம்பில் பாதியைச் சாலைக்கு நீட்டினார். சாதாரணமாகச் சொன்னால் நிற்க மாட்டாள். அவளை நிறுத்தக்கூடியது ஒன்றே ஒன்றுதான்.

"ஃபோர்க் கழலுது, விழுந்துடுவே, நில்லு."

பிரேக் கிறீச்சிட்டது. கும்பல் அவளை விட்டுவிட்டுப் போனது. அவள் முகம் வெளுத்து, ஒரு கால் தரையில், மூச்சு மேலும் கீழும் இறைத்தது. பிளம்பர் மண்டியிட்டார். பதினெட்டு வருஷமாக இருட்டில்கூடத் திருகு கழற்றிய கை அது. திருப்புளி இரண்டு தடவை வழுக்கியது. நேற்று இறுக்கிய இறுக்கம் அப்படி. ஒருவழியாகக் கிளிப் தெறித்து விழ, டேப்பை நகத்தால் பிய்த்தெறிந்தார், தூக்கி எறியாமல் வைத்திருந்த அந்தப் பிளாஸ்டிக் கட்டு இரண்டையும் போட்டு இழுத்தார். போ, போ என்று சீட்டைப் பிடித்துத் தள்ளினார். நாற்பது வினாடி ஆகியிருந்தது.

பாயைத் தாண்டினாள். திரையில் முப்பத்தொன்று ஏறியது. பிளம்பர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் ஐந்து சுற்று அவள் தனியாக ஓட்டினாள். எதிர்காற்று முழுவதும் அவள் நெஞ்சில். ஒவ்வொரு சுற்றிலும் வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது, தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. முன்கும்பலிலிருந்து சோர்ந்து கழன்ற இரண்டு பேரைப் பிடித்துத் தாண்டினாள். கடைசிச் சுற்றில் ஏழாவதாக வந்தவளின் பின்சக்கரத்தைத் தொடாத குறையாக எட்டாவதாக வந்து சேர்ந்தாள். ஆறாவதாக வந்தவளுக்கும் அவளுக்கும் பதினோரு வினாடி.

எட்டாவதாவது கணக்கில் நிற்குமா என்ற பதைப்பு பிளம்பருக்கு. திரையில் அவளுக்கு ஆறு சுற்றுத்தான் காட்டியது. கூடாரத்துக்கு ஓடி, அம்மா, அவ பன்னெண்டும் ஓட்டினா, நான் பார்த்தேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கம்ப்யூட்டர்காரருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்த நடுவர் அம்மாள் பதறாமல் ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பக்கம், தாண்டின வரிசையில் கையால் எழுதின நம்பர்கள். முப்பத்தொன்று, மூன்றாவது. முப்பத்தொன்று, இரண்டாவது. ஏழாவது பக்கத்தில்தான் அது சரிந்திருந்தது.

"சிப் படிக்கலன்னா நோட்டுதான். எப்பவுமே அப்படித்தான். அதைச் சொல்லத்தான் உங்களை இருக்கச் சொன்னாரு, நீங்க போயிட்டீங்க" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "நல்லா ஓட்டிட்டிருந்த பொண்ணு. எதுக்கு நிறுத்தினீங்க?" என்று கேட்டாள்.

பிளம்பர் நோட்டை மூடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு வெளியே வந்தார்.

தங்கை சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, அழுது முடித்துவிட்டாள் போலிருக்கிறது. போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். இல்லம்மா, கிடைக்கல, ஃபோர்க் கழண்டுடுச்சு, அண்ணன் மட்டும் பார்க்கலன்னா இறக்கத்துல மண்டை சிதறியிருக்கும், ஏதோ உசிரோட வரேனேன்னு சந்தோஷப்படு என்று சொல்லி வைத்தாள். அண்ணனைப் பார்த்து, பக்கத்தில் உட்காரச் சொல்லி இடம் விட்டாள்.

பிளம்பர் உட்காரவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் சாகிற வரைக்கும் அவர் அவளைக் காப்பாற்றின அண்ணன். அந்த ஆசை அவருக்கு வராமல் இல்லை, வந்தது. ஆனால் அவள் விட்ட இடத்தில் போய் உட்கார உடம்பு ஒப்பவில்லை.

"ஃபோர்க்குக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் சுத்தின டேப்பாலதான் சிப் படிக்கல. அதை எடுக்கத்தான் உன்னைப் பொய் சொல்லி நிறுத்தினேன். நிறுத்தாம விட்டிருந்தாலும் நோட்டுல எழுதியிருப்பாங்களாம்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு எழுந்து போய் முன் சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை ஆட்டினாள்.

"அப்ப நான் எத்தனாவதா இருந்தேன்?"

"மூணாவது."

அவள் சக்கரத்தை மெல்லக் கீழே இறக்கினாள். திட்டுவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தார்.

"அம்மாகிட்ட ஃபோர்க்குன்னே இருக்கட்டும். உன்னை அவங்க திட்டறதையும் நின்னு கேக்க இன்னிக்கு எனக்குத் தெம்பில்ல."

பழக்க தோஷத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொள்ளப் பிளம்பர் கையை நீட்டினார்.

"நீ தொடாதே" என்றாள்.

தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் வெறுங்கையோடு பின்னால் போனார்.