கட்டைவிரல் பார்த்த முகம்

பழுதான படங்களுக்கு உயிர் கொடுப்பவன் என்று என் கடைப் பலகை சொல்கிறது. என் அடையாள அட்டைப் படத்துக்கு மட்டும் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. பார்க்கிறவர்கள் அட்டையை உடனே திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

ஒரு நாள் கடைக்கு வந்த ஒரு அக்கா கொண்டுவந்த படத்தில் ஒரு பையன் நாற்காலியைப் பிடித்து நின்றான். சட்டைப் பொத்தான், செருப்பு வார் எல்லாம் பளிச்சென்று இருந்தன. முகத்தில் மட்டும் சொரசொரப்பான வெள்ளைக் குழி. ஏழு வயதில் காய்ச்சலில் போன தம்பியாம். முப்பது வருடமாக அம்மா அவன் கன்னத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி, முகமே தேய்ந்துவிட்டது.

"அம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டு வருது தம்பி. முழுசா போறதுக்குள்ள அவன் முகத்த ஒரு தடவ காட்டிடணும்."

ஸ்கேன் செய்தேன். அக்காவின் சிறுவயதுப் படத்திலிருந்து கண்ணையும் மூக்கையும் எடுத்து முகம் அமைத்தேன். அதோடு கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். பழைய படம் சுருண்டிருக்கிறதே, நிமிர்த்தித் தருவோம் என்று தண்ணீரில் போட்டேன். மேல்படலம் ஏடு போல் உரிந்து வந்துவிட்டது. முந்திரிக்கொட்டைக்கு வேறு இலக்கணம் தேவையில்லை. படம் வாங்க வந்தவரிடம் தலைகுனிந்து சொன்னேன். புதுப்படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்த அக்கா, போகட்டும், இதுதான் இருக்கிறதே என்று என்னையே தேற்றினார்.

மூன்றாம் நாள் படத்தோடு திரும்பி வந்தார்.

"அம்மாவுக்குக் கண்ணு எப்பவோ போயிருக்கு. எங்ககிட்ட சொல்லல. விரலாலதான் பாத்திருக்காங்க. வழவழன்னு இருக்கு, இவன் இல்லன்னு தள்ளிட்டாங்க. பழச எங்கடீன்னு கேக்குறாங்க."

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. தடித்த தாளில் இன்னொரு பிரதி எடுத்து, பையனின் கன்னத்தை என் கட்டைவிரலால் தேய்க்கத் தொடங்கினேன். விரல் எரிந்ததும் உப்புத்தாளை எடுத்தேன். நான்கு நாள் பார்த்துப் பார்த்துப் பொருத்திய கண் முதலில் போனது. அக்கா எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஆழம் போதுமாக்கா?"

அவர் கண்ணை மூடித் தடவினார்.

"எனக்கெங்க தெரியும். நான் ஒரு நாளும் தொட்டுப் பாத்ததில்லயே."

மறுநாள் போன் வந்தது. அம்மா இதைத் தள்ளவில்லையாம். மடியில் வைத்திருக்கிறாராம்.

"ஆனா விரல் மட்டும் நிக்கவே மாட்டேங்குது தம்பி. தேடிக்கிட்டே இருக்கு."