டோலினாவைச் சுமந்தவர்கள்

சுற்றுலாப் பேருந்து ஓட்டும் ஈஷ்பெலுக்கு ஆர்ட்வாரிக் சொந்த ஊர். அவள் கம்பெனிக்கு அது இருபது நிமிட ஊர். ஏரியையும் மலையையும் படம் பிடிக்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், கிளம்பிவிட வேண்டும்.

அன்று அவள் பேருந்தை நிறுத்தியபோது, தேவாலய வாசலில் இரண்டு நாற்காலிகளின் மேல் சவப்பெட்டி இருந்தது. உள்ளே இருப்பது டோலினா. பக்கத்து வீட்டுக்காரி; பதினைந்து வயதில் ஈஷ்பெலுக்கு டிராக்டர் ஓட்டப் பழக்கியவள். செய்தி வந்ததுமே ஈஷ்பெல் லீவு கேட்டிருந்தாள். ரத்த சொந்தம் இல்லையே என்று மேலாளர் மறுத்துவிட்டார்.

இடுகாடு ஏரிக்கரையோடு ஒரு மைல். ஆண்கள் முறை மாற்றிச் சுமப்பார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஆனால் ஊரில் தெம்புள்ள ஆண்கள் ஐந்து பேர்தான் தேறினார்கள். ஈஷ்பெலின் சித்தப்பா முர்தோ, ஆட்டுத்தீவனம் ஏற்றும் டிரெய்லருக்கு ஆளனுப்பியிருந்தார்.

"டிரெய்லரா சித்தப்பா? அவங்க என்ன தீவன மூட்டையா?"

"வேற என்ன பண்ணச் சொல்ற? தூக்க ஆள் இல்ல."

"இத்தனை பேர் நிக்கிறோம்ல."

"பொம்பளைங்க தூக்குற வழக்கம் இல்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன். நகருங்க."

அவர் நகரவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போய், பெட்டியின் முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். எதிர்ப்பக்கம் தபால் நிலையத்து மோர்னா வந்து நின்றாள். பின்னாலேயே இன்னும் மூன்று பெண்கள்.

ஈஷ்பெல் பயணிகளைப் பார்த்து, இரண்டு மணி நேரத்துக்குப் பேருந்து நகராது, விருப்பமிருப்பவர்கள் கைகொடுக்கலாம் என்று சொன்னாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்கள். பதினேழு பேர் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வந்தார்கள். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி, எந்தக் காலை முதலில் வைப்பது என்று மட்டும் கேட்டாள்.

தூறலில் நடந்தார்கள். நூறு அடிக்கு ஒருமுறை கை மாறியது. ஈஷ்பெல் மட்டும் மாறவில்லை. விரல்கள் மரத்துப்போயும் விடவில்லை. முர்தோ முன்னால் போனார்.

குழிக்குள் இறக்கும்போது தலைமாட்டுக் கயிறு இறந்தவருக்கு நெருங்கிய ஆணுக்குப் போவது வழக்கம். முர்தோ ஆண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கயிற்றை ஈஷ்பெல் கையில் வைத்தார்.

"கெட்டியாப் புடி" என்றார்.

திரும்பி வந்தபோது போனில் மேலாளரின் ஏழு அழைப்புகள். அவளே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். மன்னிப்புக் கடிதம் எழுதினால் விட்டுவிடலாம் என்றார் அவர்.

"எழுத மாட்டேன் சார். தப்புப் பண்ணினாத்தானே எழுதணும்?"

இரண்டு வாரம் பணியிடைநீக்கம். அந்த இரண்டு வாரமும் ஆர்ட்வாரிக்கில், சித்தப்பா வீட்டில்தான் இருந்தாள். அண்ணன் மகள் ஊர் வழக்கத்தையே கெடுத்துவிட்டாள் என்று, அவள் சூப் குடித்துக்கொண்டிருக்கும்போதே முர்தோ வருகிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

"உங்களையும் நான்தான் தூக்கப்போறேன் சித்தப்பா" என்றாள் அவள். "அதுக்குள்ள கொஞ்சம் எளைச்சுக்குங்க."