கம்பைல் ஆகாத வரி

2006 பிப்ரவரியில் எம்.சி.ஏ. கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக ரேவதிக்கு ஒரு மென்பொருள் நூலகம் தேவைப்பட்டது. கையால் எழுதிய தமிழ் எழுத்துகளைக் கம்ப்யூட்டர் பார்த்துப் பார்த்துப் பழக அது உதவும். கல்லூரி லேபில் இருந்த லினக்ஸுக்கு அது ரெடிமேடாகக் கிடைக்கவில்லை. செங்கம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் மூலநிரலை இறக்கி, சிடியில் பதிந்து கொண்டுவந்தாள். அதை லேபிலேயே கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டர் இயக்கும் வடிவத்துக்கு மாற்றி, நிறுவ வேண்டும்.

இரண்டு நாள் பிழைகளிலேயே போனது. மூன்றாம் நாள் காலை, முக்கால்வாசி ஓடி மறுபடி நின்றது. பழைய கம்பைலர் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு வரியைப் புதியது ஏற்கவில்லை. அந்தக் கோப்பைத் திறந்தாள்.

வரிக்கு மேலே, கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது: "இங்க கை வைக்காத ரேவதி." கீழே குமரேசன் என்ற பெயர், மே 2005, ஒரு மின்னஞ்சல் முகவரி.

சின்ன வயதில் அண்ணன் குமரேசன் தன் நோட்டு அட்டைகளில் எழுதி வைத்த அதே வாக்கியம். 2000இல் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அப்பா ராமகிருஷ்ணன் பேப்பரில் போட்டோ கொடுத்துத் தேடினார். 2004 ஐப்பசியில் இறந்துபோனார். அண்ணனும் உயிரோடு இல்லை என்றே ரேவதி நம்பியிருந்தாள்.

முகவரியைக் குறித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், தான் ரேவதி என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்திருந்தது. "நெஜமாவே நீதானா? பதினோரு லெட்டர் போட்டேன், ஒண்ணுக்கும் பதில் இல்ல. அப்பா என்னை வேணாம்னுட்டாருன்னு நினைச்சேன். அவரு முட்டிவலி எப்படி இருக்கு?" கடைசியில் போன் நம்பர்.

வேங்கிக்கால் வீட்டில் தபால் மத்தியானம்தான் வரும். அந்த நேரத்தில் வீட்டில் இருந்தவள் அம்மா மட்டுமே. ரேவதி போனபோது அம்மா வெள்ளையம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் லெட்டர் போட்டானாமே?"

இல்லை என்று சொல்வாள் என ரேவதி எதிர்பார்த்தாள்.

"போட்டான்," என்றாள் அம்மா. "வந்ததையெல்லாம் அப்பப்ப அடுப்புல போட்டுட்டேன்."

"ஆஸ்பத்திரியில அப்பா கடைசி வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருந்தாரு. நீ பக்கத்துலயேதான இருந்த?"

"இருந்தேன்." அம்மாவின் கை நின்றது. "வேற ஜாதிப் பொண்ணைக் கட்டிக்கினேன்னு மொத லெட்டர்லயே எழுதியிருந்தான். உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா ஓடிப்போயி கூட்டியாந்துடுவாரு. அப்புறம் உன்னை எவன் கட்டுவான்? உன் கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். அதுக்குள்ள அவரு போயிட்டாரு. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

ரேவதி தரையில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. எல்லாம் தன் பேரைச் சொல்லித்தான் நடந்திருக்கிறது என்பது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனிடம் பேசினாள். "அண்ணா, அப்பா இல்ல. ரெண்டாயிரத்து நாலு ஐப்பசியில போயிட்டாரு."

என்ன தேதி என்று அவன் இரண்டு முறை கேட்டான்.

"அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்கு வந்திருந்தேன்," என்றான் குமரேசன். "நம்ம தெருமுனை வரைக்கும் வந்தேன். அப்பா மூஞ்சில முழிக்க பயந்து திரும்பிட்டேன்."

சனிக்கிழமை மனைவியோடும் மூன்று வயது மகளோடும் பஸ்ஸிலிருந்து இறங்கினான். மெலிந்திருந்தான். கூட்டிப்போக வந்திருந்த ரேவதி ஆட்டோ பிடித்தாள். ஆட்டோ கோயிலின் பெரிய கோபுரத்தைத் தாண்டியதும், "லெட்டரெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டான். மறைக்க வேண்டும் என்றுதான் ரேவதி நினைத்திருந்தாள். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

"கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க," என்றான் டிரைவரிடம். இறங்கிப்போய் ஒரு பூட்டிய கடையின் ஷட்டரைப் பார்த்தபடி நின்றான். அவன் மனைவி குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டாள். ரேவதி இறங்கவில்லை.

அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"வேங்கிக்கால்தானங்க?" என்றார் டிரைவர்.

குமரேசன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆமா. போங்க."