கருவாட்டு நாள்

மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று பத்துப் பேர் நடமாடும் வீட்டில் சுந்தராம்பாளும் வைரக்கண்ணுவும் பகலில் முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. அந்த வீட்டில் புருஷன் தலையை அவள் மடியில் வாங்கிக்கொள்ள வழி செய்தது ஒரு கண்மருந்துதான் என்றால் யார் நம்புவார்கள்? நாற்பத்தைந்தாம் வருஷத்தை நினைத்தால், நான்கு வருஷம் கழித்து இன்றும், அந்தத் தலையின் கனம்தான் அவளுக்கு முதலில் ஞாபகம் வரும்.

அந்த வருஷம் அறுப்பு முடிந்த கையோடு அரியலூரில் ரயிலேறித் திருச்சிக்குப் போனார்கள். வைரக்கண்ணுவுக்கு வலது கண் ஏற்கெனவே அவிந்துவிட்டது. டாக்டர் இடது கண்ணைப் பார்த்துவிட்டு, "உள்ள நீரழுத்தம் ஏறிக்கெடக்கு. போன பார்வை வராது. இந்தக் கண்ணாவது நிக்கணும்னா காலையிலயும் சாயந்திரமும் ஆயுசுக்கும் சொட்டு விடணும்" என்றார். பத்தியம் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பத்தியமில்லாத மருந்தும் உண்டா? மனுஷர் மறந்துவிட்டார் என்று சுந்தராம்பாளே முடிவுகட்டிக்கொண்டாள்.

கத்தரிக்காயைத் தள்ளினார் வைரக்கண்ணு, மொச்சையைத் தள்ளினார். கருவாட்டை மட்டும் விட மாட்டேன் என்றார். முதலில் சந்தை நாளன்று கேட்டார். போகப்போக வாரத்தில் மூன்று நாள், நான்கு நாள். ஆசையாகக் கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வராது. ஆனால் கருவாடு தின்ற உடம்பில் மருந்து பட்டால் விஷமாகிவிடுமே! அந்த நாட்களில் சீசாவைத் தொடாமல், காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சொட்டினாள். சும்மா இருந்திருக்கலாம். மடியை விட மனசு வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் ரகசியமாக ஏதாவது சொல்வார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு "அசையாதீங்க" என்பாள்.

ஒரு வருஷம் கழித்துப் போனபோது இடது கண்ணில் வெறும் வெளிச்சம்தான் மிச்சம்.

"மூணு சீசா குடுத்தேன், ஒண்ணரை அப்படியே கெடக்கே?" என்றார் டாக்டர். சுந்தராம்பாள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "இதுக்கு ஏதும்மா பத்தியம்!" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயிலில் அவளுக்கு அழுகை அடங்கவில்லை. "என் கையாலயே உங்க கண்ண அவிச்சுட்டேனே."

அத்தனை பேர் பார்க்க, வைரக்கண்ணு அவள் கையைத் தடவிப் பிடித்தார். "அழுவாத புள்ள. மருந்துன்னா நெருப்பாட்டம் எரியும். நீ தண்ணி விட்ட மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எரியாத நாள் வேணும்னுதான் கருவாடு கேட்டேன்."

சுந்தராம்பாளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது.

"எரியுதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, ஊதி ஊதி விட்டிருப்பேனே!" என்றாள்.