முன்னால் போகிறவர் பேசலாம்

1

இந்தக் கதைக்குக் காரணம் கடல் இல்லை. கடல் அன்று முழுக்க இடது பக்கம் கிடந்தது, அவ்வளவுதான். காரணம் எதிர்காற்று. எதிர்காற்றில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வார்; பின்னால் இருப்பவர் ஓசியில் வருவார். இன்னொன்றும் உண்டு. முன்னால் இருப்பவர் பேசினால் பின்னால் கேட்கும். பின்னால் இருப்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் முன்னால் போகாது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "விடியலின் பொன்னொளியில் பாறைகள் மெல்ல..."

அடித்துவிட்டேன். வருடக்கணக்கில் இரவு ஷிப்ட் பார்த்தவனுக்கு விடியல் என்பது வீட்டுக்குப் போகிற பஸ்.

இரண்டாவது: "மாமாவுக்குத் தொப்பை இருந்தது." இது இருக்கட்டும். பின்னால் பயன்படும்.

மாமா என்றால் அக்காவின் கணவர். பார்சல் கிடங்கில் இரவு ஷிப்ட் சூப்பர்வைசர். என்னை அங்கே சேர்த்துவிட்டவரும் அவர்தான். போன மாதம் பாதி ஷிப்டில் கையுறையைக் கழற்றி, பார்சல்களோடு ஓடுகிற பெல்ட் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கையுறை லாரிவரை போனதாம். திங்கட்கிழமை என் இடத்துக்கு வேறு ஆள் போடப்போகிறார்கள். அதற்குள் என்னைத் திருப்பிக் கொண்டுவருவதாக அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நான் கடலோரமாகச் சைக்கிளில் சுற்றப் போகிறேன் என்றதும், பக்கத்து வீட்டுச் சைக்கிளை இரவல் வாங்கி என்னோடு கிளம்பினார்.

3

தார் ரோடு முடிந்து சரளை தொடங்கியது. கடை இல்லை, வீடு இல்லை. பாறை, முள், ஏற்றம், மறுபடி பாறை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த முனையைச் சுற்றியதும் காற்று முகத்தில் அறைந்தது. நான் முன்னால் போனேன். பின்னால் மாமா ஏதோ சொல்கிறார் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. நிம்மதியாக இருந்தது.

மாமா விவரமானவர். மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி முன்னால் வந்தார். பிறகு ஆரம்பித்தார். அக்காவின் தூக்கம், காப்பீடு, இந்த வயதுக்கு மேல் எவன் வேலை தருவான் என்கிற கேள்வி, எல்லாம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவ்வளவு நேரமும் தொப்பைக்குப் பின்னால் நான் பெடலைச் சும்மா சுற்றிக்கொண்டு வந்தேன். என்னைத் திருத்த அவர்தான் காற்றை இடித்துக்கொண்டு போனார். இவ்வளவு சுகமாக நான் அறிவுரை கேட்டதே இல்லை.

(மாமாவைக் கோமாளியாக்குகிறேனோ என்று ஒரு சந்தேகம். அக்கா படித்தால் தொலைத்துவிடுவாள். "மாமா தங்கமான மனிதர், அவரைப் போல..." என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். அதைவிடக் கோமாளியானார். அவரே பேசட்டும்.)

4

பெரிய ஏற்றத்தில் சொன்னார்:

"மாப்ள, உன் இடத்துல இப்ப நான்தான் நிக்கிறேன். இடம் காலியா கிடந்தா உன் பேரை அப்பவே எடுத்திருப்பாங்க. சூப்பர்வைசர் பெட்டி தூக்குறாருன்னு பசங்க சிரிக்கிறானுங்க. கால் வீங்கிப்போச்சு. உங்க அக்காகிட்ட உளறிடாத."

ஏன் மாமா முன்னாலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். காற்று அதை என் வாய்க்குள்ளேயே திணித்தது.

உச்சியில் பாறைமேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம். கழுத்தில் வெயில். இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்பதை மறந்திருந்தேன். இப்படித்தான் இருக்கும். மாமாவுக்குப் பேச மூச்சில்லை. கையால் கேட்டார்: என்ன சொல்ற?

"போகும்போது சொல்றேன் மாமா. இனி நான் முன்னாடி போறேன்."

"உன் எலும்புக்குப் பின்னாடி நான் எங்கடா ஒளியறது?" என்றார், கொஞ்சம் மூச்சு வந்ததும்.

5

முடிவு அ: "திங்கக்கிழமை வர்றேன் மாமா."

முடிவு ஆ: "வரல. நீங்களும் அந்த இடத்தை விட்டு நகருங்க, கால் முக்கியம்."

முடிவு இ: நான் எதுவுமே சொல்லாமல்... (இது கோழைத்தனம். வேண்டாம்.)

இறக்கத்திலும் காற்று விடவில்லை. முன்னால் போய்ச் சொன்னேன். அவருக்குக் கேட்டிருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சைக்கிள் மணி மட்டும் எப்படியோ எட்டியது, ஒரே ஒரு தடவை. சரி என்றா, நாசமாய்ப் போ என்றா? அதன்பிறகு அவர் முந்த முயலவில்லை. என் எலும்புக்குப் பின்னாலேயே வந்தார்.

நான் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கிறீர்கள் போல. காதில் விழவில்லை. முதல் வரியிலிருந்து நான்தானே முன்னால் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்கும் மூச்சு வாங்குகிறது. இதோ, ஓரம் கட்டுகிறேன். நீங்கள் முன்னால் போய்ச் சொல்லுங்கள். பின்னால் வந்து கேட்டுக்கொள்கிறேன்.